நங்கநல்லூரில் ஒரு வீடு: வாடகையா, லீஸா?

கணக்கு வாத்தியார், பாளையங்கோட்டை:

முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அப்பா கட்டிய வீட்டில் பிறந்து அதே வீட்டில் தலை நரைத்ததால், வாடகைக்கு வீடு தேடுவது இந்த 62 வயதில்தான் முதல்முறை. விவரம் தெரியாமல் கேட்கிறேன் என்று யாரும் சிரிக்க வேண்டாம்.

மகளுக்குக் கிண்டியில் வேலை. கார்த்திகையில் பிரசவம். வழக்கப்படி அவள்தான் எங்களிடம் வர வேண்டும். அவளோ கடைசி வாரம் வரை அலுவலகம் போவேன் என்கிறாள். மருமகன் வாரத்தில் பாதி நாள் வெளியூரில். ஆகவே நாங்களே சென்னைக்கு வருவதென்று முடிவாயிற்று. அவர்கள் இப்போது ஆதம்பாக்கத்தில் இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. என் மனைவியின் முழங்கால் முதல் மாடிக்கே முணுமுணுக்கும். இரண்டு படுக்கையறை, தரைத்தளம் அல்லது லிஃப்ட், மூன்று வருடம். எங்கள் தேவை இவ்வளவுதான்.

பத்து நாளில் ஏழு வீடுகள் பார்த்தேன். கையில் ஒரு அங்குல நாடா எடுத்துக்கொண்டு போனேன், காரணம் அப்பா காலத்துத் தேக்குக் கட்டில். கழற்ற முடியாத கட்டில் அது. சாய்த்துப் பிடித்தால் 35 அங்குலம். மூன்று வீடுகளில் படுக்கையறைக் கதவு 32 அங்குலம்தான். கட்டில் வரவேற்பறையிலேயே நின்றுவிடும் என்றேன். தரகர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நான்காவது வீட்டில் வீட்டுக்காரர் காபி கொடுத்து அன்பாகப் பேசினார். அசைவம் உண்டா என்று கேட்டார், சொன்னேன். எந்த ஊர் என்றார், சொன்னேன். ஊரில் எந்தத் தெரு என்றார். பாளையங்கோட்டைத் தெருக்களில் இவருக்கு என்ன அக்கறை என்று எனக்குப் புரியவில்லை. படியிறங்கிச் செருப்பு மாட்டும்போதுதான் புரிந்தது. மறுநாள் தரகர், "அந்த வீடு வேறொருவருக்கு முடிந்துவிட்டது சார்" என்றார். டு‑லெட் பலகை இன்றும் அங்கேதான் தொங்குகிறது.

ஏழாவது வீடு மனதுக்குப் பிடித்துவிட்டது. ஆறு குடித்தனங்கள் உள்ள அடுக்ககத்தில் தரைத்தளம். வாசலில் வேம்பு. ஆஞ்சநேயர் கோயிலுக்கு நடந்தே போகலாம், பழவந்தாங்கல் ஸ்டேஷன் என் நடையில் பதினைந்து நிமிடம். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறாராம்; அவர் சார்பில் "நிர்வாகம்" பார்க்கும் ஒருவர்தான் கதவைத் திறந்து காட்டினார். அவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, மாதம் 20,000 வாடகை, பத்து மாத அட்வான்ஸ் 2 லட்சம். இன்னொன்று லீஸ்: 9 லட்சம் ஒரே தொகையாகக் கொடுத்துவிட்டால் மூன்று வருடத்துக்கு வாடகையே கிடையாது, காலி செய்யும் அன்று 9 லட்சமும் திரும்ப வரும்.

பஸ்ஸில் வரும்போதே கணக்குப் போட்டேன். ஓய்வுக்காலப் பணம் 9 லட்சம் வங்கியில் 7 சதவீதத்தில் கிடந்தால் மாதம் 5,250 வட்டி. லீஸுக்குப் போனால் எனக்கு நட்டம் அவ்வளவுதான். வாடகைக்குப் போனால் 20,000, அதோடு அட்வான்ஸ் 2 லட்சத்துக்கு இழக்கும் வட்டி 1,167. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 36 மாதத்தில் 5,73,000 ரூபாய். பேரப்பிள்ளைக்குப் போட்டு வைக்கலாம் என்று மனைவியிடம் சொல்லியும்விட்டேன்.

கணக்கு சரி. ஆனாலும் ஏதோ இடறுகிறது. அந்த நபர் இரண்டு நாளாகத் தினமும் இருமுறை அழைக்கிறார். 50,000 டோக்கன் போட்டால் வேறு யாருக்கும் காட்ட மாட்டேன் என்கிறார். சென்னையில் லீஸ் என்பது எப்படி? எதையெல்லாம் பார்க்க வேண்டும்? பத்து மாத அட்வான்ஸ் என்பது வழக்கம்தானா?


மடிப்பாக்கத்தில் ஏமாந்தவள்:

ஐயா, ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். டோக்கன் வேண்டவே வேண்டாம். முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

உங்கள் கணக்கை நீங்கள் உங்கள் பக்கத்திலிருந்து மட்டும் போட்டிருக்கிறீர்கள். எதிர்ப் பக்கத்திலிருந்து போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 2,40,000 வாடகை வரக்கூடிய வீட்டை ஒருவர் 9 லட்சத்துக்காக விட்டுக்கொடுக்கிறார் என்றால், அந்த 9 லட்சத்துக்கு அவர் தரும் வட்டி 26 சதவீதத்துக்கும் மேல். வங்கியில் நகைக்கடன் வட்டி இதில் பாதிகூட இராது. சென்னையில் சொந்த வீடு வைத்திருப்பவர் ஏன் 26 சதவீதத்துக்குக் கடன் வாங்க வேண்டும்? ஒன்று, அவருக்கு எந்த வங்கியும் கடன் கொடுக்காத நிலை. அல்லது, பணம் வாங்குகிறவர் வீட்டுக்காரரே அல்ல. எங்களுக்கு நடந்தது இரண்டாவது.

2021இல் 7 லட்சம் கொடுத்தோம். என் தாலிச் சங்கிலி தவிர மற்ற நகைகளும், கணவரின் சீட்டுப் பணமும். எங்களுக்கும் ஒரு "நிர்வாகம்"தான் வீட்டைக் காட்டியது. அலுவலகம், ரசீது, முத்திரை எல்லாம் இருந்தன. பெயரைச் சொல்ல மாட்டேன், வழக்கு நடக்கிறது. நாங்கள் கையெழுத்துப் போட்ட 100 ரூபாய் முத்திரைத்தாளில் வீட்டுக்காரர் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் அவர்களுடைய முத்திரைதான் இருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும் கேட்கவில்லை.

எட்டாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோசைக்கல்லை அப்போதுதான் அடுப்பில் வைத்திருந்தேன். வாசலில் ஒரு பெரியவர், தோளில் துணிப்பை. "மூன்று மாத வாடகை பாக்கி இருக்கிறதே அம்மா" என்றார். நான் வீடு மாறி வந்துவிட்டாரோ என்று நினைத்தேன். அவர் பையிலிருந்து ஒரு ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார். அவருடைய வீட்டை அந்த நிறுவனம் மாதம் 16,000 வாடகைக்கு எடுத்திருந்தது, தன் ஊழியர்கள் தங்குவதற்கு என்று எழுதிக் கொடுத்து. அதைத்தான் எங்களுக்கு 7 லட்சத்துக்கு லீஸ் என்று விட்டிருக்கிறார்கள். எங்கள் பணத்திலிருந்தே அவருக்கு ஐந்து மாதம் வாடகை கொடுத்திருக்கிறார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். அவரைத் திட்ட முடியுமா? அவரும் ஏமாந்தவர். நாங்கள் இருவரும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டோம். தோசைக்கல் கருகி வாடை வந்த பிறகுதான் எழுந்தேன்.

மத்தியக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கப் போனபோது, எங்களைப் போல இன்னும் பலர் கையில் அதே மாதிரி முத்திரைத்தாளோடு நின்றார்கள். பணம் இன்றுவரை வரவில்லை. வீட்டுக்காரர் மனிதர், ஆறு மாதம் பாதி வாடகையில் இருக்கவிட்டார். பிறகு காலி செய்தோம்.

உங்கள் "நிர்வாகம்" நல்லவராகவே இருக்கலாம். ஆனால் வீட்டுக்காரரின் தொலைபேசி எண்ணைக் கேட்டுப் பாருங்கள். தர மறுத்தால் அன்றே விட்டுவிடுங்கள்.


மேற்கு மாம்பலம் மாடிக் குடித்தனம்:

லீஸ் என்றாலே மோசடி என்பது போல இங்கே எல்லோரும் பேசுகிறீர்கள். நாங்கள் லீஸில்தான் ஆறு வருடம் இருந்தோம். வீட்டுக்கார அம்மா கீழ்த்தளத்திலேயே குடியிருந்தார். மகள் கல்யாணத்துக்குப் பணம் தேவைப்பட்டது, வாங்கினார். சார்பதிவாளர் அலுவலகத்தில் முறையாகப் பதிவு செய்தோம். காலி செய்த அன்று வங்கி வரைவோலை கைக்கு வந்தது. ஆளைப் பார்த்துச் செய்தால் லீஸ் லாபம்தான்.


சங்கச் செயலாளர் (கட்டாயத்தின் பேரில்):

மேலே சொன்னவர் அதிர்ஷ்டசாலி என்று சொல்ல மாட்டேன், கவனமானவர். வீட்டுக்காரர் கீழ்வீட்டில், பத்திரம் பதிவில். அந்த இரண்டும் இருந்ததால் பணம் வந்தது. வாத்தியார் சார் விஷயத்தில் இரண்டுமே இல்லை.

நான் நங்கநல்லூரில் ஒரு சிறிய அடுக்ககத்தின் சங்கச் செயலாளர். வேறு யாரும் ஒப்புக்கொள்ளாததால் ஒன்பது வருடமாக நானே. குடிவந்தவர்களும் போனவர்களும் விட்டுச்சென்ற சண்டைகளிலிருந்து கற்றவை இவை.

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். ஊரெல்லாம் 11 மாத ஒப்பந்தம் எழுதுவது அதனால்தான். மூன்று வருட லீஸை 100 ரூபாய்த் தாளில் எழுதி மடித்து வைத்துக்கொண்டால், தகராறு வரும் நாளில் அது கைகொடுக்காது. கிரயப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். அதிலுள்ள ஆவண எண்ணையோ சர்வே எண்ணையோ வைத்துப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை, அதாவது அந்த வீட்டின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியலை, கட்டணமில்லாமல் பார்க்கலாம். அதில் "உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு" என்று ஒரு வரி இருந்து, பின்னால் அதை முடித்துவைக்கும் ரசீது ஆவணம் இல்லாவிட்டால், வீடு வங்கிக் கடனில் இருக்கிறது என்று பொருள். கடன் இருப்பது தவறல்ல, என் வீட்டுக்கும் இருக்கிறது. ஆனால் அவர் தவணை கட்டத் தவறி வங்கி ஏலத்துக்குக் கொண்டுவந்தால், பதிவில்லாத லீஸ்காரரின் 9 லட்சத்தைப் பற்றி ஏலம் எடுத்தவருக்குக் கவலையே இல்லை.

"சார்பில்" வருகிறவரிடம் அதிகாரப் பத்திரத்தின் (வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கும் "பவர்") நகலைக் கேளுங்கள். அதில் பணம் வாங்கும் அதிகாரம் எழுதியிருக்கிறதா என்று படியுங்கள். எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். அவர் போனால் பத்திரமும் போயிற்று. எங்கள் கட்டடத்திலேயே காலமானவரின் பெயரில் ஒன்றரை வருடம் வாடகை வசூலான கதை உண்டு. அதை இன்னொரு நாள் சொல்கிறேன்.

அட்வான்ஸ் பற்றி. 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்று கணக்குச் சொல்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் இருவரும் வேறு மாதிரி ஒத்துக்கொள்ள அதிலேயே இடமிருக்கிறது. அந்தச் சந்து வழியாகத்தான் பத்து மாதம் இன்றும் உலவுகிறது. பேரம் பேசுங்கள், ஆறுக்கு இறங்குவார்கள். இது ஆடி மாதம், யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், வீடுகள் சும்மா கிடக்கும். ஆடியில் பேசி முடித்து ஆவணியில் குடிபோகிறவன் கெட்டிக்காரன். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் இணையத்தில் பதிய வேண்டும், காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். "பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடித்தம்" என்று ஒரு வரி நுழைந்திருக்கும். மூன்று வருடம் இருந்தாலும் பிடிப்பார்களா என்று முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தண்ணீரைக் குழாயில் பார்க்காதீர்கள். காட்டுவதற்கு முன் அரைமணி நேரம் ஓடவிட்டிருப்பார்கள், டைல்ஸையும் அமிலம் போட்டுத் தேய்த்திருப்பார்கள். கழிவறை ஃப்ளஷ் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பாருங்கள். அதன் உள்பக்கத்தை யாரும் தேய்ப்பதில்லை. செம்மண் நிறத்தில் படிந்திருந்தால் போர் தண்ணீரில் இரும்பு. சுண்ணாம்பு போல வெள்ளையாகச் செதில் கட்டியிருந்தால் உப்பு. மெட்ரோ தண்ணீர் சம்புக்கு (தரைக்கடித் தொட்டிக்கு) வருகிறதா, லாரிதானா என்பதையும் கேளுங்கள். 2019 கோடையை இங்கே யாரும் மறக்கவில்லை.

தரைத்தளம் என்பதால் இன்னொன்று. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று வீட்டுக்காரரிடம் கேட்டால் "வாசல்படியோடு நின்றுவிட்டது" என்பார். எல்லா வாசல்படியிலும் அப்படித்தான் நின்றிருக்கிறது! மீட்டர் பெட்டியைப் பாருங்கள். பழைய ஆணித் தடங்களுக்கு மேலே இரண்டடி உயர்த்தி மாட்டியிருந்தால் விடை அதுதான். பெரிய மழை என்றால் பழவந்தாங்கல் சுரங்கப்பாதையிலும் தண்ணீர் நிற்கும். கார்த்திகையில் பிரசவம் என்கிறீர்கள், மருத்துவமனைக்கு மாற்று வழியையும் இப்போதே பார்த்து வையுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், தெருமுனையில் இஸ்திரி வண்டி இருக்கும். ஒரு சட்டையைக் கொடுத்துவிட்டு நின்று பேசுங்கள். எந்த வீடு யாருடையது, ஏன் காலியாக இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்த அளவுக்குச் சங்கச் செயலாளருக்கே தெரியாது.


கணக்கு வாத்தியார், பாளையங்கோட்டை:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், அலைச்சல்.

வீட்டுக்காரரின் எண்ணைக் கேட்டேன். "அவருக்கு இப்போது நடு இரவு சார்" என்றார். எந்த நாடு என்றேன். சிறிது யோசித்துவிட்டு துபாய் என்றார். அப்போது நம் ஊரில் பிற்பகல் மூன்றரை மணி. துபாயில் மதியம் இரண்டு. கணக்கு வாத்தியாரிடம் நேரக்கணக்கிலா விளையாடுவது?

மறுநாள் காலை ஒரு வேட்டியும் இரண்டு சட்டைகளும் எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். இஸ்திரிக்காரர் கரிப்பெட்டியை ஊதிக்கொண்டே கேட்டார், "அந்த வேப்பமரத்து வீடா? அது கோயம்புத்தூரில் இருக்கிற டீச்சரம்மா வீடு ஆயிற்றே." பிறகு அடுக்ககத்துக்குள் போய், படிக்கட்டுக்கு அடியில் இருந்த மின் மீட்டர் பெட்டியைத் திறந்தேன். உள்ளே பிளாஸ்டிக் உறையில் மின்வாரியத்தின் வெள்ளை அட்டை, ஓரமெல்லாம் கரையான் அரித்தது. பெயர் ஒரு பெண்ணுடையது. அந்த நபர் எனக்குச் சொன்ன வீட்டுக்காரரின் பெயர் ஆணுடையது. மீட்டர் பெட்டிக்குக் கீழே பழைய ஆணித் துளைகள் நான்கையும் பார்த்தேன் செயலாளர் அவர்களே. அளந்தேன். 22 அங்குலம்.

முதல் மாடியில் இருந்தவர்கள் அந்த அம்மாவின் எண்ணைக் கொடுத்தார்கள். அவரும் ஓய்வுபெற்ற ஆசிரியை, தாவரவியல். நான் விஷயத்தைச் சொன்னதும் சிறிது நேரம் பேச்சே இல்லை. "நான் மாதம் 18,000 வாடகைக்குத்தான் சார் அவரிடம் கொடுத்திருக்கிறேன், பணம் ஒழுங்காக வருகிறது" என்றார். மகனிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். இதுவரை அழைக்கவில்லை. பயந்திருப்பார், தவறில்லை. மடிப்பாக்கத்து அம்மா எழுதியதை அச்செடுத்து அவருக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் பணம் திரும்ப வர வேண்டும்.

அந்த நபருக்கு வீடு வேண்டாம் என்று சொன்னேன். அதிகாரப் பத்திரம் கேட்டதற்கு, "இப்படிச் சந்தேகப்பட்டால் சென்னையில் வீடே கிடைக்காது" என்றார். எட்டு நாளில் கிடைத்துவிட்டது. ஆதம்பாக்கத்தில், இரண்டாவது மாடி, லிஃப்ட் உண்டு. வாடகை 19,500. பத்து மாத அட்வான்ஸ் கேட்டார்கள், ஆடியைக் காட்டிப் பேசினேன், ஆறில் நின்றது. வீட்டுக்காரர் அடுத்த தெருவிலேயே இருக்கிறார். எந்த ஊர் என்று கேட்டார், எந்தத் தெரு என்று கேட்கவில்லை. ஃப்ளஷ் தொட்டி மூடியைத் தூக்கியபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. உள்ளே வெள்ளைப் படலம் கொஞ்சம் இருந்தது, சிவப்பு இல்லை. உப்பைச் சகித்துக்கொள்ளலாம் என்றாள் மனைவி. ஒப்பந்தத்தைப் பதிவதற்கு அவரே சம்மதித்துவிட்டார். பெயின்ட் வரியை மட்டும் நீக்க மாட்டேன் என்று நின்றார்; இரண்டு வருடத்துக்கு முன் காலி செய்தால்தான் பிடித்தம் என்று திருத்தி எழுதினோம்.

ஒரு சிறு திருத்தம், தொழில் பழக்கம், மன்னியுங்கள். மடிப்பாக்கத்து அம்மா 26 சதவீதம் என்று போட்டிருந்தீர்கள். வாடகைக்கு விட்டாலும் அட்வான்ஸாக 2 லட்சம் அவர் கைக்கு வந்துவிடும் அல்லவா? அப்படியானால் லீஸில் அவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது 7 லட்சம்தான். அதற்காக வருடம் 2,40,000 விடுகிறார் என்றால் வட்டி 34 சதவீதத்தைத் தாண்டுகிறது. இதைப் பஸ்ஸிலேயே போட்டிருக்க வேண்டியவன் நான். என் லாபத்தை மட்டும் இரண்டு தசமத்துக்குத் திருத்தமாகப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சுகிறோம். பாளையங்கோட்டையிலிருந்து லாரியில் சாமான் கொண்டுவந்த அனுபவம் யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள். படுக்கையறைக் கதவு 36 அங்குலம், கட்டில் நுழைந்துவிடும். ஆனால் லிஃப்டுக்குள் நுழையாது. இரண்டு மாடி தூக்க வேண்டும்.